எழுத்தும் பக்கமும்

ஒரு நூலில் இரண்டு கூறுகள் உள்ளன. ஒன்று, ஆசிரியர் வைத்த சொற்களின் வரிசை. மற்றொன்று, அச்சொற்கள் கண்ணுக்குத் தோன்றும் முறை: தாளின் அளவு, எழுத்தின் பருமன், வரியின் நீளம், தலைப்பின் இடம், ஓரங்களில் விடப்படும் வெற்றிடம். முன்னதை எழுத்து என்றும் பின்னதைப் பக்கம் என்றும் கூறலாம். எழுத்து காலந்தோறும் மாறாமல் நிற்க வேண்டியது. பக்கம் காலத்துக்கும் தேவைக்கும் ஏற்ப மாற வேண்டியது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிக் கலந்துவிடும் பழக்கம் இன்று கணினியில் தமிழ் எழுதுவோரிடம் பரவலாகக் காணப்படுகிறது. பல்லாண்டு உழைப்பில் தட்டச்சு செய்யப்பட்ட நூல்கள் சில ஆண்டுகளிலேயே திறக்க இயலாத கோப்புகளாகிவிடுவதற்கு இப்பழக்கமே பெருங்காரணம். எழுத்தை எளிய உரையாகத் தனியே காத்து, பக்கத்தை அதிலிருந்து வேண்டும்போது வேண்டியவாறு ஆக்கிக்கொள்வதே தமிழ் நூல்களுக்குப் பாதுகாப்பான வழியாகும்.

ஓலையிலிருந்து தாளுக்கு

எளிய உரையைப் பக்கமாக மாற்றும் பணி கணினியோடு பிறந்ததன்று. தமிழில் அதற்கு நீண்ட வரலாறு உண்டு. ஓலைச்சுவடியில் பாட்டும் உரையும் இடைவெளியின்றித் தொடர்ந்து எழுதப்பட்டன. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே வெளி இல்லை. அடி முடியுமிடத்தில் புதிய வரி தொடங்குவதில்லை. நிறுத்தக் குறிகளும் இல்லை. ஓலையின் நீளமே வரியின் நீளமாக அமைந்தது. எழுத்தாணி ஓலையைத் துளைத்துவிடும் என்பதால் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளியிடுவதையும் பெரும்பாலும் தவிர்த்தனர். எகர ஒகரக் குறில்களுக்கும் அவற்றின் நெடில்களுக்கும் வேறுபாடு காட்டப்படவில்லை. நெடிலைக் குறிக்கும் காலும் ரகரமும் ஒரே வடிவில் இருந்தன.

1578ஆம் ஆண்டு கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிடப்பட்டபோது தமிழ் எழுத்து முதன்முதலாக இந்திய மண்ணில் அச்சுப் பக்கமாகியது. எனினும் தமிழின் பழம்பெரும் நூல்கள் ஓலையிலிருந்து பக்கத்துக்கு வருவதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. ஆறுமுக நாவலர், சி.வை. தாமோதரம் பிள்ளை, உ.வே. சாமிநாதையர் முதலியோர் அப்பணியை மேற்கொண்டனர். தாமோதரம் பிள்ளை கலித்தொகையையும் சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் பதிப்பித்து வெளியிட்டது ஒரே ஆண்டில். அது 1887ஆம் ஆண்டு.

அப்பதிப்பாசிரியர்கள் செய்த பணியைச் சுவடியைப் பார்த்துப் படியெடுத்தல் என்று மட்டும் கூறிவிட இயலாது. எது மூலம், எது உரை, உரைக்குள் வரும் மேற்கோள் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அவர்கள் முதலில் பிரித்தறிந்தனர். பிறகு மூலத்தை அடியடியாகவும் சீர்சீராகவும் அமைத்தனர். உரையை அதன்கீழ் வேறு அளவு எழுத்தில் இட்டனர். பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பாக ஒதுக்கினர். அரும்பத அகராதியை நூலின் பிற்பகுதியில் சேர்த்தனர். இவை ஒவ்வொன்றும் பக்க அமைப்பைப் பற்றிய முடிவுகளாகும். ஒவ்வொரு முடிவுக்குப் பின்னும் புலமை இருந்தது.

அடுத்த தலைமுறையில் இவ்வமைப்பு மேலும் ஒரு படி வளர்ந்தது. 1950களில் மர்ரே எஸ். ராஜம் பழந்தமிழ் நூல்களைச் சந்தி பிரித்து, எளிதில் படிக்கும்படி அமைத்து, மலிவு விலையில் வெளியிட்டார். சொற்கள் மாறவில்லை, அவை நின்ற முறை மாறியது. புலவர்க்கே உரியவை எனக் கருதப்பட்ட பாடல்களைப் பொதுமக்களும் படிக்க இயன்றது. பக்கத்தை அமைப்பது ஒப்பனை வேலை என்று எண்ணுவோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். நன்கு அமைந்த பக்கம் நூலுக்கு இயற்றப்பட்ட முதல் உரை எனலாம்.

ஓர் ஊர்ப்பெயரின் எழுத்துகள்

எழுத்துக்கும் பக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை உணர ஒரே ஒரு சொல் போதுமானது. சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலையில், ஏற்காட்டை அடுத்துத் தலைச்சோலை என்னும் சிற்றூர் உள்ளது. அப்பெயரில் த, லை, ச், சோ, லை என ஐந்து எழுத்துகள் உள்ளன. இதனைப் பழைய ஓலை முறையில் எழுதினால் சகர ஒற்று புள்ளியின்றி நிற்கும். ‘சோ’ என்பதைச் சொ, சோ, செர, சேர என நான்கு வகையாகப் படிக்க இடமுண்டு. ஊரை அறிந்தவரே பெயரைப் பிழையின்றிப் படிக்க முடியும்.

இதே பெயர் அச்சில் மற்றொரு மாற்றத்தையும் கண்டது. முன்னாளில் லகர ஐகாரம் இன்றுள்ளதுபோல் எழுதப்படவில்லை; எழுத்தின்மேல் வளைந்து நிற்கும் தனிக்கொம்பு அதற்கு இருந்தது. ணை, ளை, னை ஆகியவையும் அவ்வாறே அமைந்தன. பெரியார் 1935ஆம் ஆண்டு முதல் ‘குடிஅரசு’ இதழில் கையாண்ட சீர்திருத்த எழுத்துகளைத் தமிழ்நாடு அரசு 1978ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்டது. அதன்பின் தலைச்சோலையின் இரண்டு ‘லை’களும் புதிய வடிவம் பெற்றன. சொல்லின் ஒலியும் பொருளும் சற்றும் மாறவில்லை, மாறியது தோற்றமே.

கணினியின் ஒருங்குறி முறையில் இச்சொல் ஒன்பது குறியீடுகளாகச் சேமிக்கப்படுகிறது. த, ல, ஐகாரக் குறி, ச, புள்ளி, ச, ஓகாரக் குறி, ல, ஐகாரக் குறி என்பது அவ்வரிசை. கண்ணுக்கு ஐகாரக் கொம்பு லகரத்தின் இடப்புறம் தெரிந்தாலும் கோப்பில் அது லகரத்தின் பின்னரே இருக்கும். ஓகாரக் குறி சகரத்தின் இருபுறமும் நிற்பதுபோல் தோன்றினாலும் கோப்பில் அது ஒரே குறியீடு. அதாவது, ஒலிக்கும் வரிசையே சேமிக்கும் வரிசையாகிறது. கொம்பை எங்கே வரைவது, பழைய ‘லை’யாக வரைவதா புதிய ‘லை’யாக வரைவதா என்பதை எழுத்துரு முடிவு செய்கிறது. ஆகவே, ஒரே உரைக்கோப்பிலிருந்து 1950ஆம் ஆண்டு நூலைப் போன்ற பக்கத்தையும் இன்றைய பாடநூலைப் போன்ற பக்கத்தையும் ஆக்க முடியும். எழுத்தைப் பக்கத்திலிருந்து பிரித்து வைப்பதன் பயன் இதுவே.

கலந்ததனால் நேர்ந்த இழப்பு

இப்பிரிவு தமிழ்க் கணினி உலகில் தொடக்கத்திலேயே நிலைபெறவில்லை. 1980களின் இறுதியிலும் 1990களிலும் தமிழ் எழுத்துருக்கள் பல தோன்றின. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு குறியீட்டு முறையைக் கொண்டிருந்தது. பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பின் உள்ளே உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகள். எழுத்துரு அவற்றைத் தமிழாக வரைந்து காட்டுகிறது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கிலக் கோவையே தெரியும். அதில் ஒரு சொல்லைத் தேட முடியாது, சொற்களை அகர வரிசைப்படுத்த இயலாது, பிழைதிருத்தியும் பயன்படாது. தோற்றத்தை எழுத்தென மயங்கியதன் விளைவு இது.

இக்குழப்பத்தை நீக்கப் பல முயற்சிகள் மேற்கொள்ளப்பட்டன. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. அதே காலத்தில் உலகத் தமிழர் சிலர் இணையவழி உரையாடித் திஸ்கி என்னும் முறையை வகுத்தனர். ஒருங்குறியில் தமிழ் 1991ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றிருந்தும், அது மெல்ல மெல்லவே புழக்கத்துக்கு வந்தது. 2010ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தனது தரமாக அறிவித்தது.

இம்மாற்றங்களுக்கு இடையே நூல்களைக் காத்த முயற்சிக்குச் சிறந்த சான்று மதுரைத் திட்டம். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த அறிவியலாளர் கு. கல்யாணசுந்தரத்தின் தலைமையில் 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் அது தொடங்கப்பெற்றது. உலகின் பல பகுதிகளிலிருந்து தன்னார்வலர்கள் ஊதியமின்றித் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் உதவினர். திருக்குறள் முதல் மின்னுரையாக வெளிவந்தது. இன்று ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள் அங்கே உள்ளன. தொடக்க நூல்கள் மயிலை, இணைமதி முதலிய எழுத்துருக்களில் அமைந்திருந்தன. அவை பின்னர்த் திஸ்கிக்கும், அதன்பின் ஒருங்குறிக்கும் மாற்றப்பட்டன. நூலை எளிய உரையாக வைத்திருந்ததனாலேயே குறியீட்டு முறை மாறியபோதெல்லாம் மீண்டும் தட்டச்சு செய்யாமல் மாற்ற இயன்றது. 1971ஆம் ஆண்டு மைக்கேல் ஹார்ட் தொடங்கிய குட்டன்பர்க் திட்டத்தின் ஆங்கில நூல்கள் அரை நூற்றாண்டு கடந்தும் எல்லாக் கணினிகளிலும் திறப்பதற்கும் இக்கொள்கையே காரணம்.

சேர்வராயன் மலைத் தோட்டங்களில் காப்பிப் பழத்தைப் பறித்து, தோல் நீக்கி, கொட்டையை உலர்த்திச் சேமிப்பர். உலர்ந்த கொட்டை நெடுநாள் கெடாது. வறுத்துப் பொடித்துவிட்டால் மணம் விரைவில் குன்றும். ஆகவே வேண்டும்போதுதான் வறுப்பர். எளிய உரை உலர்ந்த கொட்டையைப் போன்றது. அச்சுப் பக்கம் அன்றன்று வறுத்த பொடியைப் போன்றது. பொடியை மட்டும் வைத்துக்கொண்டு கொட்டையை எறிந்துவிடுவோர் அறிவுடையோர் ஆகார்.

உரை பக்கமாகும் முறை

உரைக்கோப்பைப் பக்கமாக மாற்றும் முறை அரிதன்று. முதலில், நூலின் உறுப்புகளை உரையிலேயே அடையாளம் இட வேண்டும்: இது நூலின் தலைப்பு, இது இயல், இது பாட்டு, இது மேற்கோள், இது அடிக்குறிப்பு என்பன போன்ற அடையாளங்கள். 2004ஆம் ஆண்டு ஜான் குரூபர் உருவாக்கிய மார்க்டவுன் முறையில் தலைப்பு வரியின் முன் ‘#’ என்னும் குறி இட்டால் போதும். பத்திகளுக்கு இடையே ஒரு வெற்று வரி விட்டால் போதும். அடுத்து, தாளின் அளவு, ஓரம், எழுத்துரு, வரி இடைவெளி ஆகியவற்றைக் கூறும் வார்ப்புருவைத் தனியே அமைக்க வேண்டும். இவ்விரண்டையும் பெற்றுக்கொண்ட மென்பொருள் வரிகளையும் பக்கங்களையும் பிரித்து, பக்க எண் இட்டு, அச்சுக்கு உரிய பி.டி.எஃப். கோப்பாகத் தருகிறது. வார்ப்புருவை மட்டும் மாற்றினால் அதே நூலை ஏ4 தாளிலும், டெம்மி அளவிலும், ஆறு அங்குலத் திரையிலும் படிக்கலாம்.

இத்துறைக்கு வழிகாட்டியவர் அமெரிக்கக் கணினி அறிஞர் டொனால்டு கனூத். 1977ஆம் ஆண்டு தம் நூலொன்றின் புதிய பதிப்புக்கு வந்த மெய்ப்பில் எழுத்தமைப்பு அழகற்றிருந்ததைக் கண்டு மனம் வருந்தினார். தம் ஆய்வை நிறுத்திவைத்துவிட்டு, ‘டெக்’ என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். அது ஒவ்வொரு வரியையும் தனித்தனியே நிரப்புவதில்லை. பத்தி முழுவதையும் ஒருசேர நோக்கி, எங்கெங்கே வரியை முறித்தால் இடைவெளிகள் சீராக அமையும் எனக் கணக்கிட்டுப் பிரிக்கிறது. நூல் கண்ணுக்கு இனியதாய் இருக்க வேண்டும் என்னும் அக்கறையே கணிதவழியாக இங்கு வெளிப்பட்டது.

தமிழுக்கு இவ்வக்கறை இன்னும் மிகுதியாகத் தேவை. தமிழ்ச் சொற்கள் ஒட்டுகள் சேர்ந்து நீள்பவை. நீண்ட சொல் வரியின் இறுதியில் அடங்காதபோது அதனை முழுமையாக அடுத்த வரிக்குத் தள்ளினால், முன் வரியில் சொற்களுக்கு இடையே பெரிய பள்ளங்கள் தோன்றும். சொல்லை முறித்தால் எங்கே முறிப்பது என்னும் கேள்வி எழும். ‘தலைச்சோலை’யைத் ‘தலைச்’ என்றும் ‘சோலை’ என்றும் முறிக்கலாம். ‘தலை’ என முறித்து, அடுத்த வரியை ‘ச்சோலை’ எனத் தொடங்குவது தமிழ் மரபுக்கு ஒவ்வாது. மெய்யெழுத்து வரியின் முதலில் வருதல் கூடாது. கொம்பை ஒரு வரியிலும் அதற்குரிய எழுத்தை மற்றொரு வரியிலும் விடுவதோ பெரும்பிழை. பழைய அச்சகங்களில் ஈய எழுத்துகளைக் கோத்த தொழிலாளர்கள் இவ்விதிகளைக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர். அவ்வறிவை மென்பொருளுக்குக் கற்பிப்பது தமிழறிந்தோர் கடமையாகும்.

ஒரு மறுப்பும் அதன் விடையும்

‘திரையில் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே எழுதுவது எளிதாக இருக்கையில், உரையைத் தனியாகவும் வடிவத்தைத் தனியாகவும் வைப்பது வீண் உழைப்பன்றோ?’ என்று சிலர் வினவுவர். ஒரு பக்க அழைப்பிதழுக்கும் சுவரொட்டிக்கும் படங்கள் நிறைந்த குழந்தை நூலுக்கும் அவர்கள் கூற்று பொருந்தும். அங்கே வடிவமே பொருளின் பெரும்பகுதி. ஆனால் நூறு பக்க நூலில், தலைப்பை நடுவில் நிறுத்த இடைவெளி விசையைப் பலமுறை தட்டுவதும், புதிய பக்கம் தொடங்க வெற்று வரிகளை அடுக்குவதும் பெருந்தொல்லையாக முடியும். எழுத்தின் பருமனைச் சற்றே மாற்றினாலும் எல்லாத் தலைப்புகளும் இடம் பெயரும். பதினாறு பக்கங்கள் கொண்ட ஒரு பாரத்துக்கு ஏற்ப நூலைச் சுருக்கவோ விரிக்கவோ நேர்ந்தால் முழு உழைப்பையும் மீண்டும் செய்ய வேண்டிவரும்.

‘கவிதையில் வரி முறியும் இடமே பொருள் தருகிறதே, அதை எவ்வாறு பக்க அமைப்பு என ஒதுக்குவது?’ என்பது இதைவிட ஆழமான வினா. இதற்கு விடை, எழுத்து என்பதன் எல்லையைச் சரியாக வகுப்பதில் உள்ளது. வெண்பாவின் அடியும் சீரும் புதுக்கவிதையின் வரிமுறிவும் ஆசிரியருக்கு உரியவை. ஆகவே அவை எழுத்தைச் சேர்ந்தவை. அவற்றை உரைக்கோப்பிலேயே தவறாமல் குறித்துவைக்க வேண்டும். அவ்வரிகள் எவ்வெழுத்துருவில், எவ்வளவு உள்தள்ளி நிற்பது என்பது பக்கத்தைச் சேர்ந்தது. பொருளைச் சுமப்பது எது, தோற்றத்தைச் சுமப்பது எது என்று பகுத்தறியும் பணியை எந்த மென்பொருளும் தானாகச் செய்துவிடாது. மூலத்தையும் உரையையும் பிரித்தறிந்த பதிப்பாசிரியர்களின் புலமை, கணினிக் காலத்திலும் தேவைப்படுவது இங்கேதான்.

மாணவர்க்கு உரிய பணி

இப்பணி பேரறிஞர்க்கும் பெருநிறுவனங்களுக்கும் மட்டுமே உரியதன்று. ஒரு மலைச்சிற்றூரின் வரலாறு, முதியோர் பாடும் நடவுப்பாட்டு, வட்டார வழக்குச் சொற்கள், பள்ளி ஆண்டுமலரின் கட்டுரைகள் ஆகியவை பெரும்பதிப்பகங்களின் பார்வைக்கு வாராதவை. அவற்றை எழுதிவைக்கும் வாய்ப்பு அவ்வவ்வூர் மாணவர்க்கே உண்டு. கைப்பேசியிலேயே ஒருங்குறித் தமிழைத் தட்டச்சு செய்ய இயலும் இக்காலத்தில் அதற்குப் பொருட்செலவும் இல்லை. ஆனால், எழுதியதை ஒரு படமாகவோ, ஒரே எழுத்துருவை நம்பிய கோப்பாகவோ மட்டும் விட்டுவைத்தால், பத்தாண்டு கழித்துத் தேடுவோர் கைக்கு அது எட்டாது. பாடியவரும் இரார், பாட்டும் இராது. சுவடி செல்லரித்து அழிந்த காலத்துக்கும் கோப்பு திறவாமல் அழியும் காலத்துக்கும் அப்போது வேறுபாடு இல்லை.

ஆதலால், எழுதுவதை ஒருங்குறியில் எளிய உரையாக எழுதுதல், தலைப்பையும் பாட்டையும் மேற்கோளையும் தெளிவான குறிகளால் காட்டுதல், அவ்வுரையின் படிகளை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் காத்தல், அதன் பின்னரே பக்கத்தை அழகுற அமைத்தல் ஆகிய நான்கும் பள்ளிப் பருவத்திலேயே பழக வேண்டிய ஒழுங்குகளாகும். இலக்கணம் கற்ற மாணவர் சொல்லை எங்கே பிரிக்கலாம், எங்கே பிரிக்கலாகாது என்பதை அறிவர். அவ்வறிவைப் பக்கத்தில் காட்டும்போது, தாம் கற்ற புணர்ச்சி விதியும் யாப்பும் தேர்வுத்தாளைக் கடந்து பயன்படுவதை உணர்வர்.

ஓலையில் கிடந்த நூல்கள், அவற்றைத் தேடி எடுத்துப் பக்கமாக்கியவர்களால் பிழைத்தன. இன்று எழுதப்படுபவை, எழுதுவோர் அவற்றை எழுத்தாகக் காத்துவைப்பதனால் பிழைக்கும். பிற்காலத்தார் எத்தகைய தாளில், எத்தகைய திரையில் படிப்பர் என்பதை இன்று எவரும் வரையறுக்க இயலாது. அவர்கள் விரும்பும் பக்கத்தை அவர்களே அமைத்துக்கொள்ளட்டும். அதற்கு வேண்டிய எழுத்தைப் பழுதின்றி ஒப்படைப்பது இத்தலைமுறையின் பொறுப்பு.